முதல் தண்ணீர்

மே மாதம், இரண்டாவது ஞாயிறு,
எஸ்தோனியாவின் தெற்கே, வோரு ஊரில், ஊர்வேயின் வீடு.
ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன.
குளிர் முழுதாகப் போகவில்லை;
நான் கோட்டைக் கழற்றவில்லை.

நாங்கள் ஐந்து பேர். நாவல் ஒன்று.
நூற்றெண்பதாம் பக்கத்தில் ஒரு கணவன் சாகிறான்.
மனைவி சமைத்த காளான்.
பைன் மரத்தடி மணலில் வசந்தத்தில் முளைப்பது,
மூளையைப் போல் சுருங்கிய தலை.
அப்படியே தின்றால் நஞ்சு.
இரண்டு முறை கொதிக்கவைத்து
இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டிவிட்டால்
விருந்து.
நாவலில் அவள் ஒரே ஒரு முறை கொதிக்கவைக்கிறாள்.

தெரிந்தா, மறந்தா?
இதைப் பேசத்தான் வந்திருந்தோம்.

ஊர்வே பாத்திரத்தின் மூடியை எடுத்தாள்.
வெண்ணெய், வெங்காயம், புளித்த பாலேடு,
நடுவே
சுருங்கிய அதே தலைகள்.

யாரும் வாய் திறக்கவில்லை,
பேசவும் உண்ணவும்.
பந்திக்கு முந்துகிற எண்டெல்கூட
கறுப்பு ரொட்டியை நாலாக, எட்டாக
பிய்த்துக்கொண்டே இருந்தார்.
லெய்லி கண்ணாடியைத் துடைத்தாள்.
போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தாள்.

'காலையில்தான் பறித்தேன்' என்றாள் ஊர்வே,
'கதைக்குப் பொருத்தமாக இருக்குமே என்று.'

(அவள் கணவர் ஏரிக்கு மீன்பிடிக்கப் போயிருந்தார்.
உயிரோடுதான் இருக்கிறார், சொல்லிவிடுகிறேன்.)

வேறு வழியில்லை, பேசினோம்.
போன மாதம் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை
அரைமணியில் முடித்துவிட்டு
உருளைக்கிழங்கு விலைக்குத் தாவியவர்கள்,
அன்று அந்த ஒருத்தியை விடவேயில்லை.

கொலைதான், என்றாள் தைமி.
அன்றைக்கு அவள் தட்டில் மட்டும் மீன் ஏன்?

எண்டெல் நாற்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.
'களைப்பு என்று ஒன்று உண்டு.
ஒரு நிறுத்தத்தை நானே தாண்டிப் போயிருக்கிறேன்,
அங்கே ஆள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே.'

அவன் என்ன தப்பு செய்தான், என்றாள் லெய்லி.
அடிக்கவில்லை. குடிக்கவில்லை.
இருபத்தாறு வருடம் ஒவ்வொரு வேளையும்
ருசி பார்க்கும் முன்பே உப்பைத் தூவினான்,
அவ்வளவுதானே. அதற்காகவா?

'அதற்காக மட்டும் இல்லை' என்றாள் ஊர்வே.
சூப் ஏடு கட்டத் தொடங்கியிருந்தது.

பிறகு அவளே சொன்னாள்:
'எழுதியவர் அடுப்படியில் நின்றவரில்லை.
முதல் தண்ணீரின் ஆவியே தலையைச் சுற்றவைக்கும்,
அதனால்தான் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம்.
அல்லது,
அடுப்படியில் நன்றாகவே நின்றவர்.
அன்று மழை பெய்கிறது. அவள் ஜன்னலை மூடுகிறாள்.
மூடிவிட்டுக் கொதிக்கிற பாத்திரத்தின் பக்கத்தில்
நாற்காலி போட்டு உட்கார்கிறாள்.
ஒருவருமா படிக்கவில்லை?'

பக்கங்களைப் புரட்டினோம்.
நூற்றெழுபத்தெட்டு. மழை இருந்தது.
தாழ்ப்பாள் இருந்தது. நாற்காலியும்.
பென்சிலால் ஓரத்தில் நான் கோடு போட்டிருந்தேன்,
வேறொரு வரிக்கு.

தைமி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.
அவளுக்கு அழுகை வந்ததா, ஜன்னல் காற்றா தெரியவில்லை.
'ஆறிப்போகிறது' என்று சொல்லி
ஊர்வே தன் கரண்டியை முதலில் நனைத்தாள்.
அவளுக்குப் பின் நான்.
என்ன சொல்ல, அத்தனை ருசி.
எண்டெல் மூன்றாவது கிண்ணத்துக்கு நீட்டியபோது
அடியில் சுரண்டும் சத்தம்.

எனக்கென்று ஒரு ஜாடியில்
முன்பே எடுத்து வைத்திருந்தாள்.

இரவில் சூடு பண்ணி மேசையில் வைத்தேன்.
என்ன காளான் என்று அவர் கேட்கவில்லை.
செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்
கை மட்டும் நீண்டு
உப்புக் குப்பியைத் தேடியது.

நான் எழுந்து போய்
ஜன்னலைத் திறந்தேன்.